வாயில் வைக்காத சிகரெட்

குளியலறையில் சிகரெட் நாற்றம் அடித்தது. உஸ்தா ஷாக்கிர் சிகரெட் பிடிக்கவில்லை. இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தன் மனைவி நம்புவாள் என்பது, ஈரக் கையோடு கதவைத் திறந்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்ஸாஃப் வாசலில் நின்று, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற முகத்தோடு மோந்துகொண்டிருந்தாள்.

"ஹாமிதோட வாப்பா, உள்ள என்ன பண்ணீங்க?"

"தொழுகைக்குக் கை கால் அலம்பினேன்."

"கை கால் அலம்பினா புகை வருமா?"

அவர் ஜன்னலைக் காட்டினார். அந்தக் கட்டடத்தில் எல்லாக் குளியலறை ஜன்னல்களும், காற்றுக்காக நடுவில் விட்டிருக்கும் குறுகலான கிணறு போன்ற இடைவெளியைப் பார்த்துத்தான் திறக்கும். ஒரு வீட்டில் பூண்டு வதக்கினால் எல்லா வீட்டிலும் தும்மல் கேட்கும். இந்தப் புகையும் அப்படி எங்கிருந்தோ வந்திருக்கும் என்றார். இன்ஸாஃப் விரல் மடக்காமலே கணக்குச் சொன்னாள். கீழ் வீட்டு நவால் டீச்சர் ஊதுபத்திக்கே இருமுகிறவள். மேல் வீட்டுக்காரர்கள் துபாயில் இருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. தரைத்தளத்தில் இருப்பது காவல்காரன் பகீத் மட்டும். அவன் பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொட்டதில்லை என்பது தெருவுக்கே தெரியும். மிச்சம் இருப்பது யார் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு வேளைச் சண்டையோடு முடிந்திருக்கும். இந்த வீட்டில் அந்தப் புகை ஷாக்கிருடையது என்று ஆகிவிட்டால், இன்ஸாஃப் அவருக்கு மனைவியே இல்லை. அப்படி ஒரு சத்தியத்தைத் தானே வாயைக் கொடுத்துத் தேடிக்கொண்டிருந்தார் மனிதர்.

சத்தியத்துக்குக் காரணம் மூச்சு. எகிப்தில் எங்கள் ஊரான தும்யாத்தில் பாதிப் பேர் மேஜை நாற்காலி செய்கிறவர்கள், மீதிப் பேர் அதை விற்கிறவர்கள். ஷாக்கிர், செய்து வந்த மரத்துக்குப் பாலீஷ் போடுகிறவர்; கைதேர்ந்த தொழிலாளியை இங்கே உஸ்தா என்போம். பகலெல்லாம் வார்னிஷ் ஆவி, கை ஓய்ந்தபோதெல்லாம் சிகரெட் என்று ஓட்டியதில், மார்பு பழைய துருத்தி மாதிரி விசில் அடிக்க ஆரம்பித்தது. படி ஏறினால் நடுவில் நின்று நின்று ஏற வேண்டியிருந்தது. இன்ஸாஃப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

அங்கே டாக்டர் ஷீரீன், மகள் வயதுப் பெண், ஒரு குழாயைக் கையில் கொடுத்து, இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டி ஊதச் சொன்னாள். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வரும்வரை ஊதினார். திரையில் எழும்பிய கோடு பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது.

"உஸ்தா, உங்க மூச்சுக்குழாய் உள்பக்கமெல்லாம் அழற்சி. வீங்கிச் செவந்து கிடக்கு. வார்னிஷ் நெருப்பு வெக்குது, சிகரெட் எண்ணெய் ஊத்துது. இன்னிக்கே விட்டீங்கன்னா வீக்கம் கொஞ்சங் கொஞ்சமா அடங்கும். விடலைன்னா வீங்கின இடம் தழும்பாயிடும். அப்புறம் போன மூச்சு திரும்பி வராது, ஆயுசுக்கும் நோயாளிதான்."

"சிகரெட்டையும் கொஞ்சங் கொஞ்சமா விடலாமா டாக்டரம்மா?"

"வீடு பத்திக்கிட்டா கொஞ்சங் கொஞ்சமாவா அணைப்பீங்க?"

அங்கிருந்து அவர் நேராக வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. பய்யூமியின் காப்பிக் கடைக்குப் போனார். சிகரெட்டை விட்டுவிட்டதாக அறிவித்தார். சாயங்காலக் கூட்டாளிகள் ஷீஷா எனும் ஹூக்காக் குழாயை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சோபாவுக்கு மெத்தை தைக்கிற கமீஸ், வெள்ளிக்கிழமைத் தொழுகை வரைக்கும் தாங்காது என்றான். அவ்வளவு தூரம் எதற்கு, முதலில் இந்த டீ ஆறுகிற வரைக்கும் தாங்கட்டும் என்றார் இன்னொருவர். ஷாக்கிருக்கு ரோஷம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இனி ஒரு சிகரெட்டோ ஷீஷாவோ என் வாயில வெச்சா, இன்ஸாஃப் எனக்குத் தலாக்."

தலாக் மேல் சத்தியம் செய்வது எங்கள் ஊரில் புதிதில்லை. நாற்காலி விற்கிறவன், இந்த விலைக்குக் கீழே வரமாட்டேன் என்று தலாக் சொல்வான். வாங்குகிறவன், இதற்கு மேலே தரமாட்டேன் என்று தலாக் சொல்வான். பேரம் நடுவில் எங்கோ படியும். இரண்டு மனைவிமாரும் எதுவும் தெரியாமல் அவரவர் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தியமெல்லாம் பலித்திருந்தால் தும்யாத்தில் கல்யாணமான பெண் ஒருத்திகூட மிஞ்சியிருக்க மாட்டாள். ஷாக்கிர் செய்த முட்டாள்தனம், யார் வேண்டுமானாலும் மூக்கை வைத்துச் சோதித்துவிடக்கூடிய விஷயத்தில் சத்தியம் செய்தது.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. இன்ஸாஃப் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்னைப் பந்தயம் வெக்கிறதுக்கு முந்தி, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பந்தயம் வெக்கிறதுக்கு உன்னைவிட்டா எனக்கு வேற என்ன பெரிசா இருக்கு?" என்றார் ஷாக்கிர்.

பாராட்டாகத்தான் சொன்னார். அவள் அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த இலையைக் கொஞ்சம் அதிக இறுக்கமாகச் சுருட்டினாள்.

சத்தியத்தை அவர் காப்பாற்றினார், அதை மறைக்கக் கூடாது. பூசணி விதை கொறித்தார், புதினா மென்றார், பல்லிடுக்கில் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலை செய்தார். வாடிக்கையாளர்களோடு காரணமில்லாமல் சண்டை போட்டார். ஒரு மணப்பெண்ணின் அலங்கார மேஜைக்குக் கோபத்தில் இரண்டு பூச்சு அதிகமாகப் போட்டதில், அது கண்ணாடியைவிடப் பளபளத்தது. ஆனால் சாயங்காலம் காப்பிக் கடைக்குப் போவதை மட்டும் விட முடியவில்லை. மற்றவர்கள் புகையை இழுத்து விடுவதை, நோன்பு நாளில் பலகாரக் கடை வாசலில் நிற்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கமீஸுக்கு மனசு கேட்கவில்லை. சத்தியத்தை எடுத்து வைத்து அலசினான். வாயில் வைக்கக் கூடாது என்பதுதானே பேச்சு. கடைக்குள் இருக்கிற காற்று எல்லோருக்கும் பொது. அதை மூச்சு விடாதே என்று யார் சொல்ல முடியும்? அன்றிலிருந்து கூட்டாளிகள் ஷாக்கிரை நடுவில் உட்கார வைத்து, சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டார்கள். சிகரெட்டையும் ஷீஷாவையும் ஆழமாக இழுத்து, முறை வைத்து அவர் முகத்தில் அன்போடு ஊதினார்கள். அவர் கண்ணை மூடி, குளித்துவிட்டுச் சாம்பிராணி காட்டப்படும் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். சில நாள் போனதும், ஷீஷாவில் ஆப்பிள் வாசனைப் புகையிலை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, காரமானதையே போடுங்கள் என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார். இருமல்தான் ஏனோ கூடிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்தால் சட்டை நாறும். கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதுதான் என்பார். இன்ஸாஃப் இரண்டு விரலால் சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோப்புத் தண்ணீரில் அமுக்குவாள். குளியலறைப் புகை வர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். முதல் நாள் வந்த புகை மறுநாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. அவர் வேலை முடிந்து வீடு திரும்பி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் போதும். அவருக்காகக் காத்திருந்த மாதிரி வரும்.

ஒரு சாயங்காலம் அவர் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இன்ஸாஃப் தலையில் முக்காடு போட்டிருந்தாள். வெளி ஆண்கள் வந்தால் போடுகிற முக்காடு.

"உஸ்தா ஷாக்கிர், சாப்பாடு மேஜை மேல இருக்கு. நான் உள்ளறையில சாப்பிட்டுக்கிறேன்."

"என்ன புதுசா உஸ்தா கிஸ்தான்னு?"

"நீங்க எனக்கு யாருன்னு முடிவாகிற வரைக்கும் வேற எப்படிக் கூப்பிடறது?"

அவர் மேஜைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தார். மகன் ஹாமிதை வளர்த்து, குவைத்துக்கு வேலைக்கு அனுப்பியாகிவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் போய்விட்டால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். சாப்பாட்டைப் பற்றிக்கூட அவர் நினைக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்ட ஆளில்லாத வீடு. பயமாக இருந்தது.

புகை யாருடையது என்று கண்டுபிடிக்க அவர் பகீத்தைப் பிடித்தார். பகீத் தெற்கே மேல் எகிப்திலிருந்து வந்தவன், பனைமரம் மாதிரி உயரம், பொய் சொல்ல வராதவன். ஜன்னல்கள் திறக்கிற அந்த இடைவெளியின் அடியில் யார் வந்து புகைக்கிறார்கள் என்று அன்று சாயங்காலம் நின்று பார்க்கும்படி அவனிடம் சொல்லி வைத்தார். அன்றும் புகை வந்தது. ஷாக்கிர் வெற்றி நிச்சயம் என்று இன்ஸாஃபின் அண்ணன் ரிஸ்க்கையும் வரவழைத்தார். ரிஸ்க் பாலாடைக்கட்டி வியாபாரி. எதையும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்க்காமல் நம்பாதவன். எல்லோருக்கும் முன்னால் பகீத்தை மாடிக்குக் கூப்பிட்டு விசாரணை நடந்தது.

"கீழ யாரைப் பாத்தே? பயப்படாமச் சொல்லு," என்றார் ஷாக்கிர்.

பகீத் தன் செருப்பைப் பார்த்தான். "நான் முழு நேரமும் அங்கயேதான் உஸ்தா நின்னேன். சத்தியமா வேற ஒருத்தர்கூட வரல."

தன் சாட்சியே தன் கழுத்தில் கயிறு மாட்டும் என்று ஷாக்கிர் எதிர்பார்க்கவில்லை. இன்ஸாஃப் பகீத்துக்கு டீ கொடுத்தாள். அவன் அவசரமாகக் குடித்து, புரையேறி, இருமிக்கொண்டே படி இறங்கிப் போனான்.

ரிஸ்க் தாடியைத் தடவி, விஷயம் தெளிகிற வரைக்கும் ஷாக்கிர் பட்டறையில் தங்குவதுதான் மரியாதை என்று தீர்ப்புச் சொன்னான். ஷாக்கிர் ஒரு தலையணையோடு போய், பாலீஷ் காயாத அலமாரிகளுக்கு நடுவில் படுத்தார். வேறு யாருக்கோ செய்த கல்யாணக் கட்டில் ஒன்று அங்கே இருந்தது. அதில் ஏறிப் படுக்க மனசு வரவில்லை. வார்னிஷ் ஆவியில் அவருடைய மார்பு எல்லா ஸ்வரத்திலும் பாடியது. அவர் வீட்டைவிட்டுப் போன அன்றே குளியலறைப் புகையும் நின்றுவிட்டது. இன்ஸாஃப் அதைத் தன் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அதைத் தும்யாத் முழுவதும் பாலாடைக்கட்டியோடு சேர்த்து விநியோகித்தான்.

மனிதர் சொல்வதை நம்பாதவர்கள் இயந்திரம் சொன்னால் நம்புவார்கள் என்று ஷாக்கிருக்குத் தோன்றியது. நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் மூச்சில் புகையின் நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றைப் பார்த்திருந்தார். பிடிக்காதவன் ஊதினால் பச்சை விளக்கு, பிடிக்கிறவன் ஊதினால் சிவப்பு. ரிஸ்க்கைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனார். அதற்கு முன்னால் தனியாகக் காப்பிக் கடைக்குப் போய், கூட்டாளிகளிடம் ஆசி வாங்கிக்கொண்டு, அவர்கள் ஊதிய கடைசிச் சுற்றையும் வாங்கிக்கொண்டு போனதுதான் பிசகு. கருவியில் வாய் வைத்து ஊதினார். ரிஸ்க் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்தது.

"டாக்டரம்மா, ஆண்டவன் மேல ஆணை. நான் வாயில வெக்கவே இல்ல."

"அப்ப எங்க உக்காந்திருந்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தி நாற்காலி வட்டத்தைப் பற்றிச் சொன்னார். டாக்டர் ஷீரீன் பேனாவைக் கீழே வைத்தாள். பழைய குழாயை எடுத்துக் கொடுத்தாள். போன தடவை பாதி வழியில் படுத்த கோடு, இந்தத் தடவை எழுந்திருக்கவே யோசித்தது.

"முன்னால உங்க புகையை மட்டும் இழுத்தீங்க. இப்ப ஊர்ல அத்தனை பேர் ஊதிக் கழிச்சதையும், ஷீஷாக் கரியோட நஞ்சையும் சேத்து இழுக்கறீங்க. நுரையீரலுக்குச் சத்தியம் படிக்கத் தெரியாது உஸ்தா. வாய் வழியா வந்துச்சா, பக்கத்து நாற்காலியிலிருந்து வந்துச்சான்னு அதுக்கு ஒண்ணும் கிடையாது. வீங்கிடும், அவ்வளவுதான்."

ஷாக்கிர் திரும்பி ரிஸ்க்கைப் பார்த்தார், இப்போது விளங்கிற்றா என்பதுபோல. ரிஸ்க்குக்கு விளங்கியது சிவப்பு விளக்கு மட்டும். புகை உடம்புக்குள் இருக்கிறது என்று கருவியே சொல்லிவிட்டது, அது எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதெல்லாம் வக்கீல் பேச்சு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

கடைசியாக மார்க்கம் தெரிந்தவரிடமே போய்விடுவது என்று, ஷாக்கிர் பள்ளிவாசல் ஷேக் தாஹாவிடம் போனார். இந்தத் தடவை தன் பக்கம் சாட்சி பலமாக இருக்கட்டும் என்று கமீஸையும் மற்றக் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஷேக், கதை முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று கமீஸ் கனைத்தபோது கண்ணைத் திறந்தார்.

"இவர் சிகரெட் பிடிச்சதை உங்கள்ல யாராவது பாத்தீங்களா?"

"இல்ல ஷேக்," என்றான் கமீஸ் பெருமையாக. "அவருக்குப் பதிலா நாங்கதான் பிடிச்சோம்."

ஷேக் அவன் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஷாக்கிரிடம், அந்த வார்த்தையைச் சொன்னபோது மனசில் என்ன இருந்தது, நிஜமாகவே மனைவியை விலக்கிவிடும் எண்ணமா, அல்லது சிகரெட்டை விடத் தன்னைத் தானே மிரட்டிக்கொண்டதா என்று கேட்டார். தப்பிக்க இதைவிட நல்ல வாசல் கிடையாது. மிரட்டல்தான் என்று சொல்ல ஷாக்கிர் வாயைத் திறப்பதற்குள் கமீஸ் முந்திக்கொண்டான். ஷாக்கிர் சொன்னால் சொன்னதுதான், அவர் என்ன சும்மா வாயால் உளறுகிற ஆளா என்றான். நண்பனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது. ஷாக்கிர் அவன் காலை ஓங்கி மிதித்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது.

ஷேக் பெருமூச்சு விட்டார். மிரட்டலுக்குச் செய்த சத்தியம் மீறப்பட்டால் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டால் போதும், மீறப்படவே இல்லையென்றால் அதுவும் வேண்டாம் என்றார். ஆனால் இங்கே கணவன் ஒன்று சொல்கிறார், கருவி ஒன்று சொல்கிறது, காவல்காரன் ஒன்று சொல்கிறான். சந்தேகத்தோடு குடும்பம் நடத்துவதைவிட, புதிதாக ஒரு நிக்காஹ் செய்துகொண்டால் மனசு சுத்தமாகிவிடும். ஷாக்கிருக்கு உயிர் வந்தது. கையை முத்தமிட்டு எழுந்தபோது ஷேக் சேர்த்துக்கொண்டார்:

"அந்தம்மா சம்மதிச்சா."

சம்மதம் என்று ஒன்று இருப்பது ஷாக்கிருக்கு அதுவரை நினைவே வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் முகச்சவரம் செய்து, அத்தர் பூசி, ஜாங்கிரி மாதிரி பிழிந்த முஷப்பக் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனார். படியில் வழக்கமான இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நவால் டீச்சர் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை வந்தாச்சு என்று யாருக்கோ குரல் கொடுத்தாள். சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருந்தது. அவர் மணியை அடித்தார்.

ரிஸ்க் கதவைத் திறந்து, முன்பின் தெரியாதவரை வரவேற்பது மாதிரி உள்ளே அழைத்தான். தானே பாலீஷ் போட்ட நாற்காலியில் ஷாக்கிர் நுனியில் உட்கார்ந்தார். ரிஸ்க் விசாரிக்க ஆரம்பித்தான். மாப்பிள்ளைக்கு என்ன தொழில், சொந்தப் பட்டறையா, கோபம் வருமா. எல்லாம் தெரிந்தவன் கேட்பதில்தான் அவமானம் அதிகம். ஷாக்கிர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

"கெட்ட பழக்கம் ஏதாச்சும்? சிகரெட், ஷீஷா?"

"விட்டுட்டேன்."

"அப்படித்தான் எல்லா மாப்பிள்ளையும் சொல்றாங்க," என்றான் ரிஸ்க்.

இன்ஸாஃப் சர்பத் தட்டோடு வந்தாள். நல்ல உடுப்பு உடுத்தி, கண்ணுக்கு மை வைத்திருந்தாள். ஷாக்கிர் அவளைப் பார்த்துவிட்டு எதற்கு வந்தோம் என்பதையே ஒரு நொடி மறந்துவிட்டார். மணப்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹராக என்ன கேட்பாளோ என்று அவர் கலங்கிப் போயிருந்தார். கம்பி வளையலாக இருக்கலாம், புது ஃபிரிட்ஜாக இருக்கலாம். பட்டறையை விற்கும்படி ஆனாலும் சரி என்று முடிவு செய்துதான் வந்திருந்தார்.

"எனக்கு நகை வேணாம்," என்றாள் அவள். "பய்யூமி கடை வாசல்ல கால் வெக்கக் கூடாது. புகை பிடிக்கிறவன் பக்கத்துல உக்காரக் கூடாது. பாலீஷ் போடறப்ப முகமூடி. டாக்டரம்மா கூப்பிடறப்பல்லாம் போய் ஊதணும், நானும் கூட வருவேன். சாயங்காலம் இந்த மேஜையில, என் எதிர்ல சாப்பாடு. இதுதான் என் மஹர்."

"இவ்வளவுதானா?"

"நீங்க படி ஏறறப்ப நடுவுல நிப்பீங்கல்ல. நான் கதவுக்குப் பின்னால நின்னுட்டிருப்பேன். மறுபடி உங்க செருப்புச் சத்தம் கேக்கற வரைக்கும் என் மூச்சையும் பிடிச்சுட்டு நிப்பேன். இப்பல்லாம் ரொம்ப நேரம் நிக்க வேண்டியிருக்கு. என்னால முடியல."

ஷாக்கிர் சர்பத்தை எடுத்துக் குடித்தார். கண் கலங்கிவிட்டது. இருமலால்தான் என்று காட்டிக்கொள்ள லேசாக இருமினார். நிஜ இருமலே வந்து பிடித்துக்கொண்டது. அவள் எழுந்து வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்நிய ஆணைத் தொடக்கூடாது என்று ரிஸ்க் கனைத்ததை இருவரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹை எழுதிப் பதியக் காஜியார் வந்தார். மணமக்களின் வயதைப் பார்த்து ஒரு தரம், ஒரே முகவரியைப் பார்த்து ஒரு தரம் புருவத்தை உயர்த்தினார். ஷேக் தாஹா காதில் ஏதோ சொன்னதும் பேசாமல் வேலையைப் பார்த்தார். ரிஸ்க்கும் ஷாக்கிரும் கைகோத்தார்கள், மேலே வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார்கள், ஓத வேண்டியதை ஓதினார்கள். நவால் டீச்சர் குலவையிட்டாள். ஷாக்கிர் இருபது வயது மாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டிருந்தார். முதல் கல்யாணத்தில்கூட அவர் இவ்வளவு இளிக்கவில்லை என்று ரிஸ்க்கே சொன்னான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் வந்தவர்களுக்குத் தட்டில் சிகரெட் நீட்டுவது மரியாதை. கமீஸ் பழக்க தோஷத்தில் ஒரு தட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, மாப்பிள்ளைக்கு முன்னால் நீட்டிவிட்டான். காஜியார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், எதற்கும் இருக்கட்டும் என்று. ஷாக்கிர் தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டார். கமீஸ் அசடு வழிய, தன் காதில் செருகியிருந்ததையும் எடுத்துத் தட்டில் போட்டான். இன்ஸாஃப் அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி, சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு, ஷாக்கிருக்கு ஊர் முழுவதையும் மன்னித்துவிட வேண்டும் போலிருந்தது. ஒரு தட்டு நிறைய முஷப்பக் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பகீத் வாசல் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். ஷாக்கிர் தட்டை அவன் மடியில் வைத்தார். அன்று அவன் சொன்ன சாட்சியால் தன் குடும்பமே ஆடிப்போனாலும், கண்ணால் கண்டதைத்தானே சொன்னான், தனக்கு வருத்தமில்லை என்றார். இனிமேல் சிகரெட் என்ற பேச்சே தன் வீட்டில் கிடையாது என்றும் சொன்னார்.

பகீத் இனிப்பைத் தொடவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. எழுந்து நின்றான், இன்னொரு தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான், மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

"உஸ்தா, சிகரெட்டை விடறதுக்கு நீங்க செஞ்ச அந்தச் சத்தியத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, நீங்க உள்ள போனதும் பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழ நின்னு ஊதுடான்னு இன்ஸாஃப் அம்மா சொல்லி தினம் ஊதப் போயி, இப்ப என்னால விட முடியல."